துறைமுகத்தின் மலைப்பக்கம்

பழைய துறைமுக நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டிகள் எந்தத் தேசத்தவராயினும் ஏறக்குறைய ஒரே கிரமத்தைத்தான் கைக்கொள்ளுகிறார்கள்: கப்பல் வந்து நின்ற கரையில் கதையைத் தொடங்கி, இறங்கியவர்கள் கட்டிய ஆலயத்தையும் கோட்டையையும் கல்லறையையும் காட்டி, கடைசியில் பிரயாணிகளைக் கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கொச்சியிலும் வழக்கம் இதுவே. கோட்டைக்கொச்சிக் கரையில் சீனவலை, அதை அடுத்து ஸெயின்ட் பிரான்ஸிஸ் ஆலயம், பின்னர் மட்டாஞ்சேரி அரண்மனை, முடிவில் யூதத் தெரு என்று வெயில் ஏறுமுன் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் ஐந்நூறு வருஷச் சரித்திரத்தை நடந்து முடித்துவிடலாம். அவ்வாறு நடத்திச் செல்பவர்கள் சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையானவை; என் ஆட்சேபம் அவர்கள் நிற்கும் திசையைப் பற்றியது. கடலை நோக்கி நின்றுகொண்டே சொல்லப்படும் அந்தச் சரித்திரத்தில், கப்பற்காரர்கள் எதை நாடி வந்தார்களோ அந்தச் சரக்கு எங்கே விளைந்தது, யார் கையால் பறிக்கப்பட்டது, எந்தக் கணவாய் வழியாக இறங்கிற்று என்பவையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில், பொட்டிபுரத்துக் கரட்டிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் ஏலமலைத் தொடரைத் தினந்தோறும் கண்டு வளர்ந்தவனுக்கு, அந்த ஒரு வாக்கியம் போதுவதில்லை.

எங்களுக்கு வழிகாட்டிய இளைஞர் கோட்டைக்கொச்சியிலேயே பிறந்தவர்; ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றையும் வந்தவர் முகம் பார்த்து மாற்றி மாற்றிப் பேசும் சாமர்த்தியம் உடையவர். தேக்கு மரமும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய வலைச் சட்டத்தைக் கயிற்றில் தொங்கும் கற்களின் பாரத்தால் தூக்கி இறக்கும் விதத்தை அவர் தெளிவாக விளக்கினார். அது சீனரிடமிருந்து நேரே வந்ததா, மக்காவ் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் ஆலயத்துக்குள் நுழைந்தவுடன் அவருக்குக் கதைசொல்லும் உற்சாகம் மேலிட்டுவிட்டது. 1524-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கே அடக்கம் செய்தார்கள். 1539-ல் எலும்புகளைத் தோண்டியெடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருப்பது கம்பி வேலி போட்ட ஒரு கல்லே. போர்ச்சுகீசியக் கத்தோலிக்கரிடமிருந்து 1663-ல் டச்சுக்காரருக்கும், 1804-ல் ஆங்கிலேயருக்கும் கைமாறி, இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் வசத்தில் உள்ள அவ்வாலயத்தில், கையால் இழுக்கும் பங்காக்கள் இன்னும் தொங்குகின்றன. நாலு மதப்பிரிவினரின் வழிபாட்டைக் கண்ட அந்தக் கூரை கவனிக்கத் தக்கதாயிருக்க, உள்ளே ஆளில்லாத கல்லறைக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. பிரயாணிகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் சொன்ன சமாதானத்தையும் தள்ளிவிட முடியாது.

கொச்சித் துறைமுகம் எப்படி உண்டாயிற்று என்ற விஷயம் வலைக்கரையிலேயே சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவரும் கேட்டவர்களும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். 1341-ஆம் வருஷம் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், பண்டைய முசிறியின் முகத்துவாரத்தை வண்டலால் தூர்த்து, தெற்கே கொச்சியில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே புதுவாய் திறந்துவிட்டது என்பது கேரள சரித்திரக்காரர் பொதுவாகக் கொண்டுள்ள கொள்கை. இது மெய்யானால், கொச்சியை முதலில் நிர்மாணித்தவள் பெரியாறு. அவள் பிறக்குமிடமோ எங்கள் மலைத்தொடரின் தெற்குக் கோடி. அதே நதியைத்தான் ஐந்தரை நூற்றாண்டு கழித்து, பென்னிகுயிக் என்ற எஞ்ஜினியர் அணையிட்டு மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி, 1895 அக்டோபரில் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கச் செய்தார். மேற்கே ஒரு துறைமுகத்தையும் கிழக்கே இருபோக நெல்லையும் தந்த ஒரே ஆற்றை இரண்டு ராஜ்யத்துச் சரித்திரங்களாகப் பிரித்து எழுதி, நாம் இருதரப்பாரும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அது வேறு சங்கதி.

மலையின் இருபுறத்துக்கும் உள்ள சம்பந்தம் பெரியாற்று வெள்ளத்துக்கும் மூத்தது. வைகைக் கரையில் ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்துக்கள் உள்ளன. போடிநாயக்கனூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளி முத்திரை நாணயங்களைப் பழம்பாண்டியரைச் சார்ந்தவை என நாணய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மதுரையிலிருந்து வைகைப் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு மலையேறி மேல்கடற்கரைத் துறைகளை அடையும் வர்த்தகப் பாதை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இவை தக்க சாட்சிகள். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி வழியாக மதுரையை அடையும் இன்றைய தேசிய நெடுஞ்சாலையைப் போட்ட எஞ்ஜினியர்கள் பழைய எண்ணம் ஒன்றுக்கே தார் பூசியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று வழங்குகிறார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில். செப்பனிட்டவர்கள் மட்டுமே டச்சுக்காரர். உள்ளே பள்ளியறைச் சுவர் முழுவதும் இராமாயணம் சித்திரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையும் காவியும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று நெருங்க, சுவரில் விரலிடை வெற்றிடமும் விடாமல் வரைந்த அந்தக் கேரள மரபுச் சித்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதுரை நாயக்கர் வகுத்த 72 பாளையங்களுள் ஒன்றாகிய எங்கள் போடி ஜமீன் அரண்மனையிலும் இராமாயணச் சுவரோவியங்கள் உண்டு என்ற நினைவு வந்தது. தெலுங்கு பேசிய பாளையக்காரர் தமிழ்நாட்டு மலையடியில் தீட்டுவித்ததும், போர்ச்சுகீசியர் கட்டிய மாளிகையில் கொச்சி அரசர் தீட்டுவித்ததும் ஒரே கதை. முன்னதைக் காணக் கட்டணம் கொடுத்து வரிசையில் நிற்பவர் இல்லை.

அரண்மனைக்குப் பின்னே, அரண்மனைக் கோயிலோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் பரதேசி ஸினகாக், 1568-ல் எழுந்தது. 1662-ல் போர்ச்சுகீசியரால் சேதமுற்று, டச்சுக்காரர் வந்தபின் புதுப்பிக்கப்பட்டது. தரையில் பதித்த நீலவெள்ளைச் சீன ஓடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் காண்டன் நகரிலிருந்து வந்தவை; மணிக்கூண்டு 1760-ல் எஸக்கியேல் ரஹாபி என்ற பெருவணிகர் கட்டியது. வழிகாட்டிகள் ஓடுகளையும் விளக்குகளையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். தமிழர் கேட்டறிய வேண்டிய விஷயம் இந்தச் சமூகத்தார் வழிவழியாகக் காத்துவந்த செப்பேடு. சுமார் கி.பி. 1000-ல் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேரமன்னன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையோடு பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலிய மரியாதைகளையும் வரிவிலக்கையும் சந்ததிக்குச் செல்லும்படி வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். பாஷையை மலையாள வித்துவான்கள் பழைய மலையாளம் என்பார்கள், நம்மவர்கள் தமிழ் என்பார்கள். அந்நாளில் அவ்விரண்டுக்கும் எல்லைக்கல் நடப்படவில்லையாதலால் இருதரப்பாரும் வெற்றி கொண்டாடிக்கொள்ளலாம். கடல் கடந்து வந்த ஒரு மதத்தார் பரம்பரைப் பெருமைக்கெல்லாம் ஆதாரமாக நம்பிவந்த பத்திரம், மதுரையிலோ கரூரிலோ ஒரு கோயிற்கணக்கன் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கக்கூடிய பாஷையில் இருக்கிறது. இதை நான் சொன்னபோது வழிகாட்டிக்கும் அது புதுச் செய்தியாகவே இருந்தது.

யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேல் தேசம் தோன்றியபின், 1950-களில் தொடங்கிக் குடிபெயர்ந்துவிட்டனர். தெருவுக்கு மட்டும் அவர்கள் பெயர் நிற்கிறது. கோவாவில் போர்ச்சுகீசியர் செய்த மதக் கொடுமைக்கு அஞ்சி வந்த கொங்கணிகள், அரிசி வியாபாரத்துக்கு வந்த கச்சி மேமன்கள், குஜராத்தி வைஷ்ணவர், சமணர், தெலுங்குச் செட்டிகள், தமிழ்ப் பிராமணர், தமிழ் வாணியர், சிரியன் கிறிஸ்தவர் என முப்பதுக்கு மேற்பட்ட சமூகத்தார் மட்டாஞ்சேரியில் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இவர்களில் ஒரு சமூகத்தைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். வெளி மைதானத்தின் பக்கத்தில் தோபிகானா என்ற சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழ்ப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய வண்ணார் குடும்பங்களின் வழியினரே இன்னும் அங்கே தொழில் செய்கிறார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போய்விட்டார்கள், அழுக்கு போகவில்லை, இப்போது ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் வருகின்றன. குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்த தொட்டியறைகளில் கல்லில் அடித்துத் துவைத்து, அரிசிக் கஞ்சி போட்டு, இரட்டைக் கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிக் காயவைக்கிறார்கள். காற்று எவ்வளவு வீசினாலும் துணி விழுவதில்லை. கவ்விகளுக்கு அங்கே வேலையில்லை. கரிப்பெட்டியால் மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த முதியவரிடம் தமிழில் விசாரித்தேன். “போடியா? ஏலக்காய் ஊருல்ல அது” என்று நிமிராமலே சொன்னார். முந்நூறு ஆண்டாக மலையாளத்தின் நடுவே கிடந்தும் வீட்டுக்குள் தமிழ் வழங்கும் அச்சமூகத்தாரைக் கொச்சிச் சுற்றுலாவில் சிலர் மட்டுமே காட்டுகிறார்கள். காட்டுபவர்களும் புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி என்ற அளவிலேயே காட்டுகிறார்கள்.

யூதத் தெருவின் கடைகளில் பச்சை ஏலக்காயைக் கண்ணாடிப் பேழைகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். முன்னர் மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்த பண்டகசாலைகள் பலவும் பழம்பொருட் கடைகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 1957-ல் தோன்றிய மிளகு வியாபாரிகள் சங்கத்தின் முன்பேரக் கூடத்தில் ஒரு காலத்தில் எழுந்த கூச்சல், கணினி வியாபாரம் வந்தபின் அடங்கிவிட்டது. சில முற்றங்களில் மட்டும் சுண்ணாம்பு தோய்த்த சுக்கைப் பெண்கள் பரப்பிப் புடைத்துக்கொண்டிருக்கக் காணலாம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய உயர்ந்த ரக ஏலக்காய்க்கு அவர் சொன்ன பெயர் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’. திருவாங்கூர் அரசாங்கம் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் மலைச்சரக்கு ஆலப்புழைப் பண்டகசாலைக்குப் போய் அங்கே ஏலம் விடப்பட்டதன் தழும்பு அது. ஆலப்புழையில் கப்பல் நின்று வெகுகாலமாயிற்று. ஆயினும் எங்கள் மலைக்காய் இன்றும் அந்தப் பெயர் சுமந்தே அரபு நாடுகளுக்குப் போகிறது.

அந்தக் காய் கண்ணாடிப் பேழைக்கு வந்து சேர்வது எப்படி என்பதை யூதத் தெருவில் சொல்வாரில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரை பறிப்பு நடக்கும் நாட்களில், போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கொண்டையூசி வளைவுகளில் சுழன்று கேரளத்துத் தோட்டங்களை அடைகிறார்கள். ஏலச்செடியின் சரங்கள் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்வன. ஆகையால் நாளெல்லாம் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் பறிக்க முடியும். பழுத்தது வெடிக்கும், இளசு சுருங்கும். முற்றிய காயை மட்டும் விரலால் தேர்ந்து எடுக்க வேண்டும். மழையும் அட்டையும் கூலிக்குள் அடக்கம். பறித்த பச்சைக் காயை அன்று மாலையே ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தார் சொல்லும் உலர்கூடத்தில் பரப்பி, விறகுச் சூட்டைக் குழாய்வழி செலுத்தி, ஓர் இரவும் பகலுமாகப் பக்குவம் பார்த்து உலர்த்துவார்கள். சூடு மிஞ்சினால் நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். சூடு ஆறுமுன் கம்பிவலையில் தேய்த்துக் காம்பை உதிர்த்து எடுத்தால், ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறும்.

அங்கிருந்து சாக்கு போடிக்கு இறங்குகிறது. நறுமணப் பொருள் வாரியம் 1987-ல் அமைந்து கொச்சியில் தலைமையகம் கொண்டிருக்கிறது. அதன் மேற்பார்வையில் ஏலக்காயை ஏலம் விடும் இடங்கள் இரண்டு: இடுக்கிப் பக்கத்துப் புற்றடி ஒன்று, எங்கள் போடி மற்றொன்று. முன்பு விலை கூவிய சபையில் 2007 முதல் கணினிப் பெட்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் வியாபாரி மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒரு காயைப் பிளந்து அரிசியின் கருமையும் பிசுபிசுப்பும் சோதித்த பிறகே விசையை அழுத்துகிறார். வாங்கிய சரக்கு கிட்டங்கிக்குப் போனால், சல்லடையில் எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரிந்து, பின்னர் முறத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முன்னே குவிகிறது. வெடித்தது, வெளுத்தது, பூச்சி தொட்டது ஆகியவற்றை அவர்கள் விரல்கள் பேச்சு நிற்காமலே ஒதுக்கிவிடுகின்றன. அவர்கள் தலைமயிரிலும் சேலையிலும் ஏறிய மணம் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியும்.

பல சமூகம் கூடிய ஊர் என்ற சிறப்பு கப்பல் வந்த ஊர்களுக்கே உரியது என்று நினைப்பதும் கடலை நோக்கி நின்றதால் வந்த பழக்கமே. தெலுங்கு பேசும் நாயக்கர், கன்னடம் பேசும் ஒக்கலிகக் கவுண்டர், குதிரை வியாபாரத்தின் பழம்பெருமை சொல்லும் ராவுத்தர், நாடார், செட்டியார், மலையாளத் தோட்டக்காரர், மலைமேல் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகம் கூறும் முதுவர் ஆகிய இத்தனை பேரும் போடி ஏலக்கடையில் ஒருவரோடொருவர் விலை பேசியிருக்கிறார்கள். மேலே கண்ணன்தேவன் மலைகளைப் பாண்டியர் கிளையினர் என்று சொல்லப்படும் பூஞ்சாற்றரசரிடம் 1877-ல் குத்தகைக்கு வாங்கிய மன்றோ ஒரு பிரிட்டிஷ்காரர்.

அந்தக் குத்தகை நிலத்தின் தேயிலை முதலில் இறங்கிய வழி மேற்கல்ல, கிழக்கு என்பதைப் பலர் அறியார். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே 1902-ல் அமைத்து 1908-ல் திருத்திய சிறு ரயில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிய பெட்டிகள் செங்குத்தாகக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் மேலேயுள்ள ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அப்போது மேற்கே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்ஜினியர், கொச்சி முகத்துவாரத்தை நெடுங்காலமாக அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டி வழிசெய்ய, 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. தோண்டிய மண் வில்லிங்டன் தீவாயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததும் அதே 1928-ல்தான். இரண்டு வாசலும் ஒரே வருஷத்தில் திறந்தன. ஆனால் ஆலுவாய்க்குப் புதுச்சாலை ஏற்பட்ட பிறகு மூணாற்றுத் தேயிலை மேற்கு வாசலையே தேர்ந்துகொண்டது. மீட்டர் கேஜ் வண்டி 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, அகலப் பாதையில் 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் வந்தது. கொச்சிக்கு வழிகாட்டிகள் இருப்பதற்கும் போடிக்கு இல்லாதிருப்பதற்கும் காரணம் தேடுபவர், பெருமை சிறுமைகளில் தேடாமல், இந்த மணல்மேட்டிலும் வெள்ளத்திலும் தேடுவதே முறை.

பொட்டிபுரத்தின் பெயரை வெளியுலகம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை ஒட்டி எழுந்த விவாதத்தால் மட்டுமே அறிந்திருக்கிறது. மலைக்குள் குடைவதைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள், மலைமேலிருந்து இறங்கியதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரமாவது எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போடியில் அப்படி ஒரு நடைச்சுற்றுலா ஏற்படுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஜமீன் அரண்மனைச் சுவரோவியம், 1928-ஆம் வருஷத்து ரயில் நிலையம், ஏலக்கூடம், தரம்பிரிக்கும் கிட்டங்கி ஒன்று, முடிவில் கொட்டகுடி வரை ஒரு பஸ் பிரயாணம் என்பது அரைநாள் காரியம். கிட்டங்கியில் பேசவேண்டியவர் முதலாளியாக இராமல், முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் அவசரமாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. போடி, கம்பம், உத்தமபாளையம் வீடுகளின் பரண்களில், பாட்டனார் காலத்து ஏலக்கடைப் பேரேடுகளும் வண்டிச்சத்தக் கணக்குகளும் ஆலப்புழை, கொச்சி, தூத்துக்குடி மண்டிகளோடு நடந்த கடிதங்களும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாமல், உத்தமபாளையத்தில் 1956-ல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் நூலகத்தையோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ அணுகிக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். கொடுக்க மனமில்லாதவர்கள் படமெடுத்துக்கொள்ள அனுமதித்தாலும் போதும்.